பாடம் 7: மீட்டரும் மோட்டாரும்

நுழையுமுன்

மாணவர்களே, உங்கள் வீட்டிற்கு மாதந்தோறும் வரும் நீர்க்கட்டணப் பட்டியலை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்ததுண்டா? செலுத்த வேண்டிய தொகையை மட்டும் பார்த்துவிட்டு மேசை மீது வைத்துவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். கடைசி இரண்டு மாதப் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு இப்பாடத்தைத் தொடங்குங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டும் பயன்படுத்துவோர் அண்டை வீட்டாரிடம் கேட்டுப் பெறலாம்.

உரைநடை

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குத் தெற்கே, குறுகிய தெருக்களும் நெருங்கிய வீடுகளும் கொண்ட பகுதி ஜோகுபாளையம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கு மிகுதி. என் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் வீடும் அங்குதான் இருந்தது. தாய், தந்தை, அவன், அவனுடைய ஆயா என நால்வர். ஆயா அல்சூர் சோமேசுவரர் கோயிலருகே பூ விற்பவர்.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத நடுவில் அவன் ஒரு நீர்க்கட்டணப் பட்டியலை வகுப்பிற்குக் கொண்டுவந்தான். முந்தைய மாதம் இருநூறு ரூபாய்க்கும் குறைவாக இருந்த கட்டணம் அம்மாதம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாயாக உயர்ந்திருந்தது. பட்டியல் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தமையால் ஆயாவால் அதைப் படிக்க இயலவில்லை. பணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்று எவரோ சொன்னதைக் கேட்டு அவர் இரண்டு நாள் உறங்கவில்லை என்றான் மாணவன். அவர்களுக்கு ஆயிரம் ரூபாய் சிறு தொகையன்று. பூக்கட்டுக்கு முதல் போட ஒதுக்கியிருந்த பணத்தில் அது பெரும் பகுதி.

பட்டியலில் நான் முதலில் பார்த்தது பயன்பாட்டு அளவை. சென்ற மாதம் 12 கிலோலிட்டர். இந்த மாதம் 46 கிலோலிட்டர். கிலோலிட்டர் என்பது ஆயிரம் லிட்டர், அதாவது ஒரு கன மீட்டர். நீர் பயன்பாடு நான்கு மடங்கைக்கூட எட்டவில்லை. அப்படியிருக்கக் கட்டணம் மட்டும் ஏன் அதைவிடப் பன்மடங்கு உயர்ந்தது? ஆயாவின் முதல் கேள்வியும் இதுவே. படிக்காதவர் என்று நாம் கருதும் ஒருவர் கேட்ட மிகச் சரியான கேள்வி.

விடை அடுக்குக் கட்டண முறையில் உள்ளது. 2014 முதல் 2025 ஏப்ரல் வரை பெங்களூர் வீடுகளுக்கு நடைமுறையில் இருந்த விகிதம் இது: முதல் 8 கிலோலிட்டருக்குத் தலா 7 ரூபாய், அதற்கு மேல் 25 வரை தலா 11 ரூபாய், 25-க்கு மேல் 50 வரை தலா 26 ரூபாய், 50-ஐத் தாண்டினால் தலா 45 ரூபாய். இப்போது கணக்கிடுவோம். 12 கிலோலிட்டர் எனில் முதல் எட்டுக்கு 56, எஞ்சிய நான்குக்கு 44, ஆக 100 ரூபாய். 46 கிலோலிட்டர் எனில் முதல் எட்டுக்கு 56, அடுத்த பதினேழுக்கு 187, அதற்கும் மேலுள்ள இருபத்தொன்றுக்கு 546, ஆக 789 ரூபாய். கழிவுநீருக்கான கட்டணமும் மீட்டர் கட்டணமும் இதன்மேல் ஏறும். நீர் நான்கு மடங்கிற்கும் குறைவாகவே கூடியது. நீருக்கான கட்டணமோ ஏறத்தாழ எட்டு மடங்கு ஆயிற்று.

2025 ஏப்ரலில், பதினோர் ஆண்டுகளுக்குப் பின், இவ்விகிதங்கள் உயர்த்தப்பட்டன. அடி அடுக்கில் லிட்டருக்கு 0.15 காசும் உச்ச அடுக்கில் ஒரு காசும் கூடின. தொகை மாறினாலும் ஏணியின் வடிவம் மாறவில்லை. மேலே ஏற ஏற ஒவ்வொரு படியும் செங்குத்தாகிறது.

இவ்வாறு படி வைத்து வாங்குவது கொடுமையன்றோ என நீங்கள் கேட்கலாம். காவிரிக் கரையில் பிறந்து, வாய்க்காலில் குளித்து வளர்ந்த எனக்கும், காவிரி நீரை மீட்டர் வைத்து அளக்கும் நகருக்குப் பணிமாற்றம் பெற்று வந்தபோது அது விந்தையாகவே இருந்தது. ஆனால் இந்நகரின் இருப்பிடத்தைப் பாருங்கள். பெங்களூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பேராறு எதுவும் அருகில் ஓடாத மேட்டில் அமைந்துள்ளது. பழங்காலத்தில் ஏரிகளே இதற்கு நீர் தந்தன. தண்டுப் பகுதியின் தேவைக்கென 1882-இல் சாங்கி ஏரி வெட்டப்பட்டது. பின்னர் அர்க்காவதி ஆற்றின் குறுக்கே எசரகட்டாவிலும், 1930-களில் திப்பகொண்டனஹள்ளியிலும் நீர்த்தேக்கங்கள் எழுந்தன. அவையும் போதாமற்போகவே 1974-இல் காவிரித் திட்டத்தின் முதல் கட்டம் நிறைவேறியது. தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு. நீரை ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு மூன்று நிலைகளில் இறைத்தேற்ற வேண்டும். 2024 அக்டோபர் 16 அன்று ஐந்தாம் கட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். இறைப்பதற்கான மின்செலவே இந்நகர நீரின் விலையில் பெரும் பங்கு. ஏழைக் குடும்பத்தின் அடிப்படைத் தேவைக்குக் குறைந்த விலையும் மிகைப் பயன்பாட்டிற்குக் கூடிய விலையும் வைப்பது இதனால்தான். இம்முறையில் ஒரு குறையும் உண்டு. தோட்டத்திற்குப் பாய்ச்சிய நீரையும் எவர்க்கும் பயன்படாது கசிந்து போன நீரையும் மீட்டர் பிரித்தறியாது.

நால்வர் குடும்பத்திற்கு 46 கிலோலிட்டர் இயல்பானதா? நகர்ப்புற வீடுகளுக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள அளவுகோல். நால்வருக்கு 540 லிட்டர். மாதத்திற்கு 16 கிலோலிட்டர் அளவே ஆகும். அவ்வீட்டார் வழக்கமாக அதையும்விடக் குறைவாகவே செலவிட்டனர். ஆகவே மிகுந்து நிற்கும் 34 கிலோலிட்டருக்கு விடை தேட வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,130 லிட்டர். நிமிடத்திற்குக் கணக்கிட்டால் முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். நிமிடத்திற்கு முக்கால் லிட்டர் என்பது ஒலியெழுப்பாமல் ஓடக்கூடிய அளவு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அச்சனிக்கிழமை மாலை நான் அவ்வீட்டிற்குச் சென்றேன். நூல்களில் கண்ட சோதனையையே செய்தேன். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடச்செய்து, மீட்டரின் முகத்திலுள்ள சிறு சக்கரம் சுழல்கிறதா என்று அரைமணி நேரம் பார்த்தேன். அது அசையவில்லை. உடனே, “கசிவு எதுவும் இல்லை, மீட்டர்தான் பழுது” என்று தீர்ப்புக் கூறிவிட்டேன். அன்றிரவே ஒரு புகார்க் கடிதமும் எழுதினேன். ‘உங்கள் ஊழியர் தவறாகக் கணக்கிட்டுள்ளார்’ என்பது அதன் முதல் வரி. நல்லவேளையாக மறுநாள் ஞாயிறு. கடிதம் என் பையிலேயே இருந்தது.

என் பிழை யாது? நான் வளர்ந்த ஊரில் தெருக்குழாயிலிருந்து நீர் நேரே வீட்டுக் குழாய்க்கு வரும். இங்கோ பெரும்பாலான வீடுகளில் நீர் மீட்டரைக் கடந்து முதலில் நிலத்தடித் தொட்டியில் விழும். இதனை மக்கள் ‘சம்ப்’ என்பர். அங்கிருந்து மோட்டார் மூலம் மாடித் தொட்டிக்கு ஏறி, அதன்பின் வீட்டிற்குள் இறங்கும். தெருவில் நீர் விடப்படும் சில மணி நேரங்களில் மட்டுமே மீட்டர் ஓடும். அந்தச் சனிக்கிழமை தெருவில் நீர் விடப்படவேயில்லை. வீட்டிற்குள் அருவியே பாய்ந்தாலும் அவ்வேளையில் அந்தச் சக்கரம் அசைந்திருக்காது.

இதை எனக்கு உணர்த்தியவர் ஆயா. திங்கட்கிழமை மாலை கடிதத்தில் கையொப்பம் பெறச் சென்றபோது அவர் கேட்டார்: “டீச்சரம்மா, முன்னெல்லாம் மோட்டாரை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுவோம். இப்போ ஒருமாசமா தினம் போடறோம், சிலநாள் சாயங்காலமும் போடறோம். அதைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே?”

மாடித் தொட்டியின் கொள்ளளவு 1,000 லிட்டர். நாளொன்றுக்கு 400 லிட்டர் செலவிடும் குடும்பத்திற்கு அது இரண்டு நாளுக்கு மேல் வரவேண்டும். மோட்டார் கூடுதலாக ஓடினால் மின்கட்டணமாவது எச்சரித்திருக்க வேண்டுமே என்று எண்ணினேன். ஆனால் கர்நாடக அரசின் ‘கிருஹ ஜோதி’ திட்டம் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. மோட்டார் கூடுதலாக ஓடிய சில அலகுகள் இலவச வரம்பிற்குள் அடங்கிவிட, மின்பட்டியல் சுழியம் என்றே காட்டியது. நற்பயன் தந்த திட்டமே ஒரு தடயத்தை மறைத்துவிட்டது.

அன்றிரவு பத்து மணிக்கு மாணவன் மாடியேறி, தொட்டியினுள் நீர்மட்டம் நின்ற இடத்தில் கரியால் கோடிட்டான். நிலத்தடித் தொட்டியிலும் அவ்வாறே ஒரு கோடு. இரவில் எவரும் நீர் புழங்கவில்லை, மோட்டாரும் போடவில்லை. காலை ஐந்து மணிக்குப் பார்த்தபோது நிலத்தடித் தொட்டியின் கோடும் நீரும் ஒத்திருந்தன. மாடித் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீரைக் காணவில்லை. ஆகவே நிலத்தடித் தொட்டியில் வெடிப்பில்லை. இழப்பு மாடிக்கும் குழாய்களுக்கும் இடையில். சுவர்களில் ஈரமில்லை, தரையில் தேக்கமில்லை. எஞ்சியது கழிவறையின் நீர்ப்பெட்டி. துணிக்குப் போடும் சொட்டுநீலத்தை அப்பெட்டியினுள் சில துளிகள் இட்டு, கால் மணி நேரம் எவரும் அதை இயக்காமல் காத்திருந்தனர். கழிவறைக் கோப்பையின் பின்சுவரில் நீலக்கோடு மெல்ல இறங்கியது. பெட்டியின் அடியிலுள்ள ரப்பர் வாஷர் நைந்திருந்தது. நீர் ஓசையின்றி வழவழப்பான சுவரை ஒட்டியே இறங்கியதால் எவர் கண்ணுக்கும் தென்படவில்லை.

அன்று செப்டம்பர் 26. காவிரி நீர்ப் பங்கீட்டை முன்னிட்டுப் பெங்களூரில் முழு அடைப்பு நடைபெற்ற நாள். கடைகள் திறக்கவில்லை. பெட்டிக்குச் செல்லும் சிறு அடைப்பானை மூடிவிட்டு, வாளியில் நீர் மொண்டு அன்றைய பொழுதைக் கழித்தனர். மறுநாள் நாற்பது ரூபாய்க்கு வாஷர் வாங்கி மாற்றினர். என் கடிதத்தை நான் கிழித்துவிட்டேன். வீட்டினுள் நேர்ந்த கசிவுக்கு வீட்டாரே பொறுப்பு ஆதலால் பட்டியல் தொகை முழுவதையும் ஆயா செலுத்தினார். அக்டோபர்ப் பட்டியலில் 26 கிலோலிட்டர் என்றிருந்தது கண்டு அவர் மீண்டும் கலங்கினார். வாஷர் மாற்றுவதற்கு முந்தைய பன்னிரண்டு நாள் கசிவு அதில் சேர்ந்திருந்ததை மாணவனே கணக்கிட்டுக் காட்டினான். அதற்கடுத்த மாதம் 11.

ஐந்து மாதம் கழித்து, 2024 மார்ச்சில், நகரையே வாட்டிய தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. அப்போது மாவட்ட நிர்வாகம் 12,000 லிட்டர் லாரி நீருக்கு, ஐந்து கிலோமீட்டர் தொலைவிற்குள், 1,000 ரூபாய் என விலை வரையறுத்தது. அந்த வாஷர் வழியே ஒரு மாதத்தில் போன நீர் ஏறக்குறைய மூன்று லாரி.

எல்லா நேர்வுகளிலும் பிழை வீட்டினுள்ளேயே இருக்கும் என்று கொள்ளற்க. மீட்டரும் பழுதுபடும், அளவைப் படிப்பவரும் தவறுவர், நெடுநேரம் வறண்டிருந்த குழாயில் நீர் வருமுன் வெளியேறும் காற்றும் மீட்டரைச் சுழற்றும். எண்களைச் சரிபார்ப்பது எளிது: மீட்டர் முகத்திலுள்ள கருநிற எண்கள் கிலோலிட்டரைக் குறிப்பவை, செந்நிற எண்களும் சிறு முட்களும் அதன் பின்னங்கள். செந்நிற எண்ணையும் சேர்த்துப் படித்துவிட்டால் பயன்பாடு பன்மடங்காகிவிடும். மீட்டரின் மேல் ஐயம் எழுந்தால், தெருவில் நீர் வரும் வேளையில், தொட்டிக்கு முன்னுள்ள குழாயிலிருந்து இருபது லிட்டர் வாளியைப் பத்து முறை நிரப்புங்கள். மீட்டர் 200 லிட்டர் நகர வேண்டும். அதினும் மிகுதியாக நகர்ந்தால் உங்கள் புகாருக்கு வலுவான சான்று கிடைத்துவிட்டது. பெங்களூர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியத்தின் உதவி எண் 1916. துணைக்கோட்ட அலுவலகங்களில் கட்டணக் குறைகளைக் கேட்கும் ‘நீர் அதாலத்’ அமர்வுகளும் நடத்தப்படுகின்றன.

சொல்லறிவோம்

புகார் எழுதுவோர் பலரும் ‘தண்ணீர் லீக் ஆகிறது’ என்ற ஒரே தொடரால் அனைத்தையும் கூறிவிடுகின்றனர். தமிழில் இதற்குத் தனித்தனி வினைகள் உண்டு. சுவரில் ஈரம் ஊறி வெளிப்பட்டால் அது கசிதல். துளித்துளியாக விழுந்தால் சொட்டுதல். இடையறாது மெல்லிய தாரையாக இறங்கினால் ஒழுகுதல். கொள்கலன் நிறைந்து விளிம்பின்மேல் வெளியேறினால் வழிதல். பழுதுபார்ப்பவரிடம் ‘தொட்டி வழிகிறது’ என்றால் அவர் மிதவை அடைப்பானைப் பார்ப்பார். ‘தொட்டி கசிகிறது’ என்றால் வெடிப்பைத் தேடுவார். இப்பாடத்தில் நானும் ‘கசிவு’ என்ற சொல்லையே பொதுப்பட ஆண்டிருக்கிறேன். ஆயாவின் வீட்டில் நிகழ்ந்தது இந்நான்கில் எது என்று எண்ணிப் பாருங்கள்.

இலக்கணம்: செய்வினையும் செயப்பாட்டு வினையும்

‘உங்கள் ஊழியர் தவறாகக் கணக்கிட்டுள்ளார்’ என்பது செய்வினைத் தொடர். எழுவாயாக நிற்பவர் ஊழியர். எனவே குற்றம் அவர்மீது சார்த்தப்படுகிறது. ‘கட்டணம் தவறாகக் கணக்கிடப்பட்டுள்ளதாகத் தோன்றுகிறது’ என்பதில் எழுவாய் கட்டணம். செய்தவர் யார் என்பது கூறப்படவில்லை. ‘படு’ என்னும் துணைவினை சேர்ந்து வினை செயப்பாட்டு வினையாயிற்று. யார் செய்தது என்று நமக்குத் தெரியாதபோது செயப்பாட்டு வினையே நேர்மையான தொடர். நமக்குத் தெரிந்தவற்றை, குறிப்பாக நாமே செய்தவற்றை, செய்வினையில் எழுதுக. ‘மீட்டர் அளவு என்னால் குறித்துக்கொள்ளப்பட்டது’ என எழுதுவது தமிழ் நடைக்கு ஒவ்வாது. ‘மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டேன்’ என்பதே போதும்.

மாதிரி விண்ணப்பம்

பின்வருவது வேறொரு நேர்வு. ஒரு வீட்டிற்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பட்டியல் வரவில்லை. செப்டம்பரில் மூன்று மாத நீரும் ஒரே மாதப் பயன்பாடாகக் கணக்கிடப்பட்டுவிட்டது. இங்குள்ள அலுவலகத்திற்குக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவதே முறை. எனினும் முதலில் தாய்மொழியில் எழுதிப் பாருங்கள். செய்தி வரிசைப்பட்டுவிடும், பின்னர் கன்னடம் அறிந்த நண்பரின் துணையோடு பெயர்த்துக்கொள்ளலாம்.

பெறுநர்
உதவிச் செயற்பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் துணைக்கோட்ட அலுவலகம், பெங்களூரு.

ஐயா,
பொருள்: நீர்க்கட்டணத்தை மறுகணக்கிட வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். எங்கள் இணைப்பின் ஆர்.ஆர். எண்ணைப் பட்டியலின் நகலில் கோடிட்டுக் காட்டியுள்ளேன். ஜூன் மாத இறுதியில் மீட்டர் அளவு 812. செப்டம்பர் மாத இறுதியில் 848. இடைப்பட்ட மூன்று மாதங்களுக்கான பயன்பாடு 36 கிலோலிட்டர். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்குப் பட்டியல் வழங்கப்படவில்லை. செப்டம்பர்ப் பட்டியலில் இம்முழு அளவும் ஒரே மாதத்திற்குரியதாகக் கொள்ளப்பட்டு, நீருக்கு 529 ரூபாய் விதிக்கப்பட்டுள்ளது. மாதத்திற்கு 12 கிலோலிட்டர் எனப் பிரித்துக் கணக்கிட்டால் 300 ரூபாயே ஆகும். ஆகவே தொகையை மறுகணக்கிட்டுத் திருத்திய பட்டியல் வழங்குமாறு வேண்டுகிறேன். ஜூன், செப்டம்பர் மாதப் பட்டியல்களின் நகல்களையும் இன்று எடுத்த மீட்டரின் நிழற்படத்தையும் இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
(கையொப்பம்)

இவ்விண்ணப்பத்தில் சினமோ கெஞ்சலோ இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு அளவுகளும் அவற்றின் வேறுபாடும் முதலில் வந்துவிட்டன. கோரிக்கை ஒன்றே ஒன்று. விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது இன்னொரு படியில் நாளிட்ட ஒப்புகை முத்திரை பெறுவதை மறவாதீர்.

பயிற்சி

1. மாதிரி விண்ணப்பத்தில் உள்ள 529, 300 ஆகிய இரு தொகைகளும் எவ்வாறு வந்தன? பாடத்தில் தரப்பட்டுள்ள விகிதங்களைக் கொண்டு கணக்கிட்டு, விடையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுக.

2. ஆசிரியர் சனிக்கிழமை செய்த சோதனை ஏன் பயனற்றுப் போயிற்று? நிலத்தடித் தொட்டி இல்லாத வீட்டில் அதே சோதனை பயன்பட்டிருக்குமா? நான்கைந்து தொடர்களில் விளக்குக.

3. செயப்பாட்டு வினையாக மாற்றுக: அ) மாணவன் தொட்டியில் கோடிட்டான். ஆ) நிர்வாகம் விலையை வரையறுத்தது. இ) ஆயா தொகையைச் செலுத்தினார். இவற்றுள் எதை மாற்றியபோது பொருள் குறைவுபட்டதாக உணர்ந்தீர்கள்? காரணம் கூறுக.

4. ஆயா மோட்டாரைப் பற்றிக் கூறிய பேச்சு வழக்குத் தொடர்களை எழுத்து வழக்கில் மாற்றி எழுதுக. ‘டீச்சரம்மா’ என்ற விளியை மாற்ற வேண்டா.

5. செயல்பாடு: இன்றிரவு உங்கள் மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து, காலையில் மீண்டும் பாருங்கள். மாடியேறும்போது பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். கண்டதைத் தேதி, நேரம், அளவு ஆகியவற்றுடன் ஒரு பக்கத்தில் எழுதி, திங்கட்கிழமை வகுப்பிற்குக் கொண்டுவருக.